பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு

கேள்வி: என் மகளுக்கு ஆறு வாரம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் என்று செல்போனில் ஒரு ஆப் போட்டு அலாரம் வைத்தேன். அவளோ பகலில் கண்ணே திறப்பதில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் விடிய விடிய முழித்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை அரை மணிக்கொருதரம் பால் கேட்கிறாள். "உனக்குப் பால் பத்தவில்லை, பவுடர் பால் கரைத்துக் கொடு" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- மணப்பாறை வாசகி

பதில்: முதலில் அந்த அலாரத்தை நிறுத்துங்கள். இது பகல், இது ராத்திரி என்று உடம்புக்குச் சொல்வது மெலட்டோனின் என்ற ஹார்மோன், அது குழந்தைக்கு ஒழுங்காகச் சுரக்க ஆரம்பிக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது சாதாரணம், அதுவும் சம இடைவெளியில் குடிக்காது. சாயங்காலம் விடாமல் கேட்பதை நிறையக் குழந்தைகள் செய்கின்றன, பால் வற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

கடிகாரத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். பசி வந்தால் அழுகைக்கு முன்பே நெளிவாள், உதட்டைச் சப்புவாள், கையை வாய்க்குக் கொண்டுபோவாள், கன்னத்தில் உங்கள் சேலை பட்டால்கூட வாயைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்புவாள். அப்போதே எடுத்துவிடுங்கள், வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டால் மார்பைப் பிடிக்க வைப்பது பெரும்பாடு.

பால் பத்துகிறதா என்ற சந்தேகத்துக்கு, நனைந்த துணியை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைந்து, வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் எடை ஏறினால் பால் போதும். எடையை எப்போதும் ஒரே தராசில் பாருங்கள், அங்கன்வாடித் தராசு போதும். மார்பு முன்போலக் கனக்கவில்லையே என்று இந்தச் சமயத்தில்தான் பல அம்மாக்கள் பயந்துபோகிறார்கள். சுரப்பு குழந்தையின் தேவைக்குப் பழகிவிட்டதால் மார்பு மெத்தென்று ஆகிறது, அவ்வளவுதான். ராத்திரி ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் அந்த வேளை குழந்தை உங்களிடம் உறிஞ்சாது, உறிஞ்சுவது குறையக் குறையச் சுரப்பும் குறையும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் ராத்திரியில்தான் அதிகம், அதனால் அந்தப் பாலை விட்டுவிடாதீர்கள்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், மிக்ஸி ஓடட்டும், யாரும் கிசுகிசுவென்று பேச வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் போர்வையை விலக்கி, பாதத்தைத் தடவி எழுப்பிப் பால் கொடுங்கள். ராத்திரி சின்ன விளக்கு மட்டும். பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, பேச்சுக் கொடுக்காமல் படுக்கப் போடுங்கள், கொஞ்சுவதைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். மாறுவதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். மாமியாரிடம் ஒரு உதவி கேளுங்கள்: காலைப் பால் குடித்ததும் பேத்தியை இரண்டு மணி நேரம் அவர் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். பவுடர் பாலைவிட உங்களுக்கு இப்போது வேண்டியது அந்தத் தூக்கம்.

கேள்வி: மூன்று மாதப் பையன் தூளியில் போட்டால் தூங்குகிறான், பாயில் போட்டதும் முழித்துவிடுகிறான். தூளியிலேயே விடலாமா?
- தேனி வாசகி

பதில்: கண் மூடியதும் தூக்கிப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வயதில் முதல் 20 நிமிடம் போலத் தூக்கம் மேலோட்டமாகவே இருக்கும், இமைக்குள் கண் ஓடும், முகம் சிரிக்கும், சுளிக்கும். கையைத் தூக்கிப் பாருங்கள், துவண்டு விழுந்தால் நல்ல தூக்கம், அப்போது மாற்றினால் முழிக்க மாட்டான். பகலில் நீங்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டால் கொஞ்ச நேரம் தூளி பரவாயில்லை, ஆனால் அதில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடும். இரவு முழுக்கத் தூளி வேண்டவே வேண்டாம். தட்டையான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் வேண்டாம்.

கேள்வி: வெயில் கொளுத்துகிறது. நான்கு மாதப் பேரனுக்கு வெந்நீர் ஆற்றி இரண்டு பாலாடை கொடுக்கலாமா? நாக்கில் தேன் தடவலாமா?
- வேலூர் வாசகி

பதில்: தண்ணீர் வேண்டாம்மா. தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர்தான், வெயில் காலத்தில் அவன் கூடுதலாக ஒன்றிரண்டு முறை பால் கேட்பான், கொடுக்கச் சொல்லுங்கள். மகளோ மருமகளோ, அந்தத் தண்ணீரை அவர்கள் கையில் கொடுங்கள், தாகம் அவர்களுக்குத்தான் அதிகம். ஆறு மாதம் முடிந்ததும் கூழோடு சேர்த்துத் தண்ணீரும் ஆரம்பிக்கலாம். தேன் ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமி சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, கை கால் துவண்டு, பால் உறிஞ்சவே முடியாமல் செய்துவிடும். தேனைக் காய்ச்சினாலும் அந்தக் கிருமியின் விதைகள் சாகாது.