பால் பைதானுக்கு உறைந்த எலியை ஐஸ் விடவைத்துச் சூடாக்கிக் கொடுப்பது எப்படி?

ஃப்ரீசரிலிருந்து எடுத்த எலியை அப்படியே வெந்நீரில் போட்டு அரைமணி கழித்துக் கொடுக்கிறேன், 700 கிராம் எடையுள்ள பால் பைதான் (ball python, வீட்டில் வளர்க்கப்படும் ஒரு சின்ன மலைப்பாம்பு வகை) நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, போன முறை விழுங்கியதையும் மூன்றாம் நாள் கக்கிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இரண்டு வேலைகளை ஒரே வெந்நீரில் முடிக்கப் பார்ப்பதுதான் கோளாறு. ஐஸ் விடவைப்பது ஒரு வேலை, சூடேற்றுவது இன்னொன்று. முதலாவது குளிரிலேயே மெதுவாக நடக்க வேண்டும். இரண்டாவது, கொடுப்பதற்குச் சற்று முன்னால் சட்டென்று முடிய வேண்டும்.

உறைந்த மீன் துண்டத்தைக் கொதிக்கிற குழம்பில் போட்டால் என்ன ஆகும்? மேலே வெந்து பிரியும், முள்ளுக்குப் பக்கத்தில் ஐஸ் அப்படியே நிற்கும். எலியும் அப்படித்தான். தோல் இளகி வயிறு வெடிக்கும், நெஞ்சுக்கூட்டுக்குள் மட்டும் கல்லாக இருக்கும். தொட்டுப் பார்த்தால் சூடாகத் தெரிவதால் கொடுத்துவிடுவோம். பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் கிடைக்கிறது. வயிற்றுக்குள் ஐஸ்கட்டி போனால் செரிமானம் அங்கேயே மந்தமாகிவிடும். அதற்குள் இரை அழுக ஆரம்பிக்கும், பாம்பு கக்கிவிடும்.

மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஓரிடம் கொதித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே உறைந்திருக்கும். சூடான இடம் பாம்பின் வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். வயிறு வெடித்தால் மைக்ரோவேவும் போச்சு.

சரியான வழி இது. எலியை ஜிப்லாக் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். மூடியுள்ள டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் முந்தின நாள் இரவே வையுங்கள். 20, 25 கிராம் சுண்டெலிக்கு நாலைந்து மணி நேரம் போதும். 50 கிராம் எலிக்கு ஒரு ராத்திரி. 200 கிராமுக்கு மேல் என்றால் முழுதாக 24 மணி நேரம் கொடுங்கள். மறந்துவிட்டால், கவரோடு குழாய்த் தண்ணீரில், அதாவது பச்சைத் தண்ணீரில், மூழ்க வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் 50 கிராம் எலி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். மேடையில் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, மாலைக்குள் வயிறு உப்பிப் பச்சை பூத்துவிடும். அந்த எலி குப்பைக்குத்தான்.

இளகிவிட்டதா என்பதைக் கவருக்கு வெளியே இருந்தே விரலால் அழுத்திப் பாருங்கள். வயிற்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அது சீக்கிரம் இளகும். முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சையும் கழுத்தடியையும் அழுத்துங்கள். உள்ளே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் நேரம் வேண்டும். கழுத்தும் கால்களும் துவண்டு தொங்க வேண்டும்.

இப்போதுதான் சூடு. கவரைப் பிரிக்காமல் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 15 நிமிடம் வையுங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போக வேண்டியதில்லை. பெரிய எலியானால் தண்ணீர் ஆறிப்போகும், ஒருமுறை மாற்றுங்கள். கவர் ஓட்டையில்லாமல் இருக்கட்டும். நனைந்த ரோமத்தில் எலி வாடை குறையும், வெளியே எடுத்ததும் சடசடவென்று ஆறும், தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூளும் மரச்சீவலும் அப்பிக்கொண்டு வாய்க்குள் போகும். நனைந்துவிட்டால் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள்.

பால் பைதானுக்கு மேலுதட்டு ஓரமாக வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும், வெப்பத்தை உணரும் உறுப்புகள் அவை. இருட்டில் சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று அசைந்தால் அதற்கு அதுதான் இரை. அறையின் சூட்டிலேயே இருக்கிற எலி அந்தக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கவரிலிருந்து எடுத்ததும் எலியின் தலையை மட்டும் ஹேர் டிரையரில் 20, 30 விநாடி காட்டுங்கள். தள்ளி நின்று சூடு பார்க்கிற துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர் இருந்தால் தலையில் 38 முதல் 40 வரை காட்ட வேண்டும். உடம்பைவிடத் தலை சூடாக இருந்தால் பாம்பு தலையைக் குறிவைத்துப் பிடிக்கும், விழுங்குவதும் சுலபம். கார்ன் ஸ்னேக் என்ற இன்னொரு வளர்ப்புப் பாம்புக்கு இந்தக் குழிகள் கிடையாது. வாடைதான் அதற்கு முக்கியம், தட்டில் வைத்தாலே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

அந்தச் சூடு ஐந்து நிமிடத்தில் போய்விடும். ஆகவே கூண்டைத் திறப்பதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கட்டும். 30 சென்டிமீட்டர் நீள இடுக்கியால் எலியின் பிடரியையோ இடுப்பையோ பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்கும்படி நீட்டுங்கள். மூஞ்சியில் கொண்டுபோய் இடிக்காதீர்கள், பயந்து சுருண்டுகொள்ளும். ஒரு சாண் தள்ளி, எலி நடந்து போவதுபோல் லேசாக அசைத்தால் போதும். விரலால் பிடித்துக் கொடுக்கவே கூடாது. எலி வாடை அடிக்கிற சூடான விரலும் அதற்கு எலிதான். விளக்கணைத்து, இருட்டிய பிறகு கொடுங்கள். எடுக்காவிட்டால், பாம்பு ஒளிந்துகொள்ளும் மறைவிடத்தின் வாசலில் வைத்துவிட்டுக் கூண்டை மூடிவிடுங்கள். காலையில் அப்படியே கிடந்தால் எறிந்துவிடுங்கள். மறுபடி உறைய வைத்து அடுத்த வாரம் கொடுக்கிற சிக்கனம் இங்கே உதவாது.

அளவும் முக்கியம். 700 கிராம் பாம்புக்கு 40, 50 கிராம் எலி, 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. பாம்பின் பருத்த இடத்தைவிட எலி அகலமாக இருக்க வேண்டாம்.

கக்கிய பாம்புக்கு அடுத்த நாளே ஊட்டிவிடத் தோன்றும், செய்யாதீர்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் வைத்து 10 முதல் 14 நாள் விட்டுவிட்டு, வழக்கத்தில் பாதி எடையுள்ள இரையில் தொடங்குங்கள். அதற்குள் கூண்டின் சூடான முனை 31, 32 டிகிரி இருக்கிறதா என்று பாருங்கள், அது குறைந்தாலும் கக்கும். சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்து விளையாடினாலும் கக்கும். எதுவும் சரியாகாமல் இரண்டாவது முறையும் கக்கினால் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சால்மோனெல்லா ஃப்ரீசரிலும் உயிரோடு இருக்கும். உறைந்த தீனி எலிகளோடு தொடர்புள்ள சால்மோனெல்லா தொற்று 2014இல் அமெரிக்காவில் பரவி, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை விசாரித்தது. எனவே எலிக்கென்று தனி டப்பா, தனி இடுக்கி, தனி வாளி. சமையல் மேடையிலும் பாத்திரம் கழுவும் தொட்டியிலும் இந்த வேலை வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். வீட்டில் பொறியில் மாட்டிய எலியை உறைய வைத்துக் கொடுக்கும் யோசனையும் கூடாது, அது விஷ மருந்து தின்றிருந்தால் அந்த விஷம் பாம்புக்கும் போகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் திரும்பிக்கொண்டால் கண்ணைப் பாருங்கள். பால் ஊற்றியதுபோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்தபின் கொடுங்கள். பால் பைதான் காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதும் உண்டு. வாராவாரம் எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை நிலையாக இருக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீட்டிப் பார்த்தால் போதும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.