அயோவா நிலம், ஏக்கர் என்ன விலை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்க மத்திய மேற்கின் விவசாய நிலங்கள் பற்றிக் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலானவை அயோவா மாநிலத்தைச் சுற்றியே வருவதால், அவற்றுக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன்.

சூ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) ஓர் ஏக்கர் 30,000 டாலருக்குப் போனதாமே? மக்காச்சோளம் போடும் காட்டுக்கு இவ்வளவா? (சென்னை)

போனது உண்மைதான். 2022 நவம்பரில் 73 ஏக்கர் துண்டு ஒன்று ஏலத்தில் அந்த விலைக்குப் போனது. மொத்தம் ஏறக்குறைய 22 லட்சம் டாலர். ஆனால் அதை அந்த வட்டாரத்துச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஆண்டு அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் எடுத்த கணக்கில் முதலிடம் பிடித்தது பக்கத்து ஓ'பிரையன் கவுண்டி. அங்கேயே சராசரி 16,531 டாலர்தான். மாநிலச் சராசரி 11,411.

இந்தக் கவுண்டிகள் இருக்கும் வடமேற்கு மூலையில் விலை ஏறுவதற்கு மண் ஒரு காரணம், பன்றி இன்னொரு காரணம். அயோவாவில் மக்கள் முப்பது லட்சத்துக்குச் சற்று மேல். பன்றிகள் இரண்டு கோடிக்கு மேல். சூ கவுண்டியில் கொட்டகைகள் நெருக்கமாக இருக்கின்றன. கொட்டகைத் தரைக்கு அடியில் உள்ள தொட்டியில் சேரும் கழிவை அறுவடை முடிந்ததும் நிலத்துக்குள் செலுத்துவார்கள். 1,250 பன்றிக்கு மேல் வளர்த்தால், எந்த வயலில் எவ்வளவு எரு இடப்போகிறோம் என்று திட்டம் எழுதி அரசுக்குக் கொடுக்க வேண்டும். ஆக, எருவைக் கொட்டவும் நிலம் வேண்டும். அது பக்கத்திலேயே வேண்டும், தொலைவு கூடினால் ஏற்றிப்போகும் செலவு தின்றுவிடும்.

இதோடு ஏலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடக்கும். காபி இருக்கும், நாற்காலிகள் இருக்கும், ஆனால் வாங்க வந்தவர் பாதிப்பேர் பின்சுவரில் சாய்ந்து நிற்பார்கள். கையைத் தூக்க மாட்டார்கள். தொப்பி லேசாக அசையும், அவ்வளவுதான். கேட்பது ஏக்கருக்கு இவ்வளவு என்று. கடைசியில் ஏக்கரால் பெருக்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே பத்து சதவீதம் முன்பணம். பத்துப் பதினைந்து பேர் ஆரம்பித்து, இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அந்த இரண்டு பேருக்கும் வரப்பு அந்த நிலத்தோடு ஒட்டியிருந்தால் விலை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று விட்டால் இன்னொரு தலைமுறைக்கு அந்தத் துண்டு விலைக்கு வராது என்பது இருவருக்கும் தெரியும்.

ஏக்கர் பத்து லட்ச ரூபாய் என்றால் எங்கள் ஊரைவிட மலிவாச்சே! (கோவை)

சென்ட் கணக்கில் பார்த்தால் மலிவுதான். உங்கள் பக்கம் சாலையோரக் காட்டின் விலையில் நாளைய வீட்டுமனை விலையும் சேர்ந்திருக்கிறது. ஓ'பிரையன் கவுண்டியில் மனை போட்டால் வாங்க ஆளில்லை. அங்கே விலை விளைச்சலை நம்பித்தான் நிற்கிறது, அல்லது நிற்க வேண்டும்.

விளைச்சல் எவ்வளவு தாங்கும்? ஏக்கருக்கு 200 புஷல் மக்காச்சோளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புஷல் 25.4 கிலோ, ஆக, ஐந்து டன். புஷல் 4 டாலர் 20 சென்ட் என்றால் கைக்கு 840 டாலர். விதை, உரம், மருந்து, டீசல், இயந்திரம் என்று சுமார் 550 போய்விடும். மிச்சம் முந்நூறுக்குள். 2024-இல் மாநிலச் சராசரிக் குத்தகை 279 டாலராக இருந்தது தற்செயல் இல்லை. அதே ஆண்டு சராசரி நிலவிலை 11,467. அதாவது குத்தகை வருமானம் இரண்டரை சதவீதத்தைத் தொடவில்லை.

சரி, முழுப் பணத்தையும் ஏழரை சதவீத வட்டிக்கு வாங்கினால்? ஆண்டுக்கு வட்டி மட்டும் 860 டாலர். மொத்த விளைச்சலை விற்றாலும் வட்டி கட்டாது. பிறகு யார்தான் வாங்குகிறார்கள் என்றால், ஏற்கெனவே கடனில்லாத நிலம் வைத்திருப்பவர்கள். 2022 கணக்கெடுப்பில் அயோவா விளைநிலத்தில் 84 சதவீதம் கடன் இல்லாமல் இருந்தது. தாத்தா வாங்கிய 400 ஏக்கர் சம்பாதித்துக் கொடுப்பதில் பேரன் புது 80 ஏக்கர் வாங்குகிறான். தாத்தா நிலம் இல்லாத பையன் அந்த ஏலத்துக்குக் காபி குடிக்கத்தான் போகலாம். இந்த வட்டாரத்தைப் பற்றி என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். விலை ஏறியது, இறங்கியது என்பதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

எல்லாவற்றையும் பில் கேட்ஸ் வாங்கிவிட்டார் என்கிறார்களே? (மதுரை)

அவரிடம் இருப்பது நாடு முழுக்கச் சேர்த்து இரண்டரை லட்சம் ஏக்கர் அளவு. அமெரிக்கப் பண்ணை நிலம் 88 கோடி ஏக்கர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அயோவாவில் விற்பனைக்கு வரும் நிலத்தில் பத்தில் ஏழு பங்கை வாங்குவது உள்ளூர் விவசாயிதான்.

என் மனைவி அயோவாக்காரர். மாமனார் காலமாகி 80 ஏக்கர் வந்திருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் பல வருடமாக வாய்ப்பேச்சில் பயிர் செய்கிறார். குத்தகையை உயர்த்த எப்படிப் பேசுவது? (மினியாபொலிஸ்)

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அயோவாவில் பண்ணைக் குத்தகை ஆண்டு மார்ச் 1-இல் தொடங்குகிறது. முடிக்க வேண்டுமானால் அதற்கு முந்தைய செப்டம்பர் 1-க்குள் எழுத்தில் அறிவிப்புப் போய்ச் சேர வேண்டும். போகவில்லையென்றால் பழைய நிபந்தனையிலேயே இன்னொரு வருடம் ஓடும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கும் இதே விதி. அக்டோபரில் யோசிக்கிற வாரிசுகள் ஏராளம்.

அறிவிப்பு அனுப்புவது சண்டைக்கு அல்ல, பேச்சை ஆரம்பிக்க. அனுப்புமுன் அவரை அழைத்து "சட்டப்படி ஒரு கடிதம் வரும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். மாமனாருக்குப் பனிக்காலத்தில் வாசல் பனியைத் தள்ளிவிட்டவர் அவராகவே இருக்கலாம்! ரொக்கக் குத்தகை வேண்டாமென்றால் பங்குக்கும் விடலாம்; செலவிலும் விளைச்சலிலும் பாதிப்பாதி என்பது பழைய ஏற்பாடு. விலை விழுந்த வருடத்தில் உங்களுக்கும் விழும்.

ஒருநாள் விற்பதாக இருந்தால், மாமனார் இறந்த தேதியில் நிலத்தின் மதிப்பு என்ன என்று முறையாக எழுதி வாங்கி வையுங்கள். லாபவரி அந்த மதிப்புக்கு மேல் கிடைப்பதற்கு மட்டும்தான். அவர் அன்று வாங்கிய விலையிலிருந்து அல்ல. முதியவர்கள் கடைசிவரை விற்காமல் இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம். மாநில விளைநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு 65 வயதைத் தாண்டியவர்கள் கையில் இருக்கிறது.

நிலத்தின் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? (டெ மாயின்)

அயோவாவில் ஒவ்வொரு மண்ணுக்கும் 5 முதல் 100 வரை மதிப்பெண் உண்டு, சி.எஸ்.ஆர்.2 என்பார்கள். விற்பனை விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். ஆனால் வடிகால் குழாய் ஒழுங்காக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. மாநிலத்தின் வட மத்தியப் பகுதி ஒரு காலத்தில் சதுப்பு. அதைக் காயவைத்தது மண்ணுக்கடியில் மூன்று நான்கு அடியில் ஓடும் குழாய்கள். பழையது சுட்ட மண், புதியது துளையிட்ட பிளாஸ்டிக். வரைபடம் கேளுங்கள். இல்லையென்றால், வசந்தத்தில் மழை விட்ட ஓரிரு நாளில் மேலிருந்து எடுத்த படம் பாருங்கள்: குழாய் ஓடும் தடத்தில் மண் முதலில் வெளுத்துக் கோடுகோடாகத் தெரியும். கோடு இல்லாமல் கருப்பாகக் கிடக்கும் இடத்தில் பயிர் மஞ்சளடிக்கும்.

அந்தக் குழாய் வழியாகத்தான் நைட்ரேட்டும் ஆற்றுக்குப் போகிறது. 2025 ஜூனில் உங்கள் ஊரில் புல்வெளிக்குத் தண்ணீர் விடத் தடை வந்ததே, அது ஆற்றுநீரில் நைட்ரேட் கூடி, குடிநீர்ச் சுத்திகரிப்பு ஈடுகொடுக்க முடியாமல் போனதால்தான்.

விலை விழவே விழாதா? (சேலம்)

விழுந்திருக்கிறது. 1981-இல் 2,147 டாலர், 1986-இல் 787. வட்டியை ஏற்றினார்கள், சோவியத்துக்குத் தானியம் அனுப்புவதை நிறுத்தினார்கள், ஏறும் விலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் பண்ணையை இழந்தார்கள். 2023-இல் 11,835 என்ற உச்சத்திலிருந்து அடுத்த வருடம் சுமார் மூன்று சதவீதம்தான் இறங்கியது. அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம், மேலே சொன்ன, கடனில்லாத 84 சதவீதம்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். 20 ஏக்கர் வாங்கிப் போடலாமா? (சீடர் ராப்பிட்ஸ்)

முடியாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விளைநிலம் வாங்க அயோவா சட்டம் இடம் கொடுப்பதில்லை; மீறி வாங்கினால் நிலம் மாநிலத்துக்கே போய்விடக்கூடும். விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு விதிவிலக்கு உண்டு, அதற்கு நிபந்தனைகளும் உண்டு. கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை. நண்பர் பெயரில் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஊருக்குள் வீடு வாங்க இந்தச் சட்டம் குறுக்கே வராது.