எங்கள் பகுதியில் இந்த ஆண்டு வரலாறு காணாத குளிர். அப்படியானால் புவி வெப்பமயமாதல் பொய்தானே?

பொய் இல்லை. கேள்விக்கான பதில் அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியை என் சொந்தக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார், அதுவும் நானே என் கையால் எழுதிய ஓர் எண்ணைக் காட்டி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாரோ ஒருவர் "இந்தக் குளிரிலும் வெப்பமயமாதலா" என்று கேட்டு, எல்லோரும் சிரித்து, சட்டென்று பதில் வராமல் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களே அப்படிக் கேட்டவராக இருந்தாலும் சரி, கேட்டதில் தப்பில்லை. உடம்புக்குத் தெரிவது இன்றைய குளிர்தான். உலகச் சராசரி வெப்பநிலை யாருடைய உடம்புக்கும் தெரியாது.

நான் வானிலை நிலையம் ஒன்றில் அளவெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை. "நீ யார் இதைப் பேச" என்று யாராவது வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் தெர்மாமீட்டர் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுற்றிலும் காற்றுப் புகும்படி சாய்சட்டம் வைத்த வெள்ளை மரப்பெட்டி, ஸ்டீவன்சன் ஸ்கிரீன் என்போம். அதற்குள்தான் கருவிகள் இருக்கும். கதவைத் திறந்தால் நேர்வெயில் உள்ளே விழக்கூடாது. நம் மூச்சும் உடம்புச் சூடும் படுவதற்குள் ரீடிங் எடுத்துவிட வேண்டும். மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும் மினிமம் தெர்மாமீட்டரில் பாதரசம் கிடையாது, ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால். அதற்குள் சின்னதாக ஓர் ஊசி கிடக்கும். குளிரக் குளிர ஸ்பிரிட்டின் விளிம்பு அந்த ஊசியைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். மறுபடி சூடேறும்போது ஊசியை அங்கேயே விட்டுவிட்டு ஸ்பிரிட் மட்டும் மேலே ஏறும். அதனால் இரவில் எந்த நேரத்தில் எவ்வளவு குறைந்திருந்தாலும் காலையில் வந்து பார்க்கிறவனுக்கு அது காத்திருக்கும். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வரை படித்து ரெஜிஸ்டரில் எழுதுவோம்.

அப்படி ஒரு காலையில், எங்கள் நிலையத்தின் ரெஜிஸ்டரில் அதுவரை இருந்த எந்த எண்ணைவிடவும் குறைவான ஓர் எண்ணைப் பார்த்தேன். கண்ணை நம்பாமல் மறுபடி படித்தேன். பக்கத்தில் இருந்த இன்னொரு தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டேன். கூட வேலை செய்தவரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். எண் சரிதான். முந்தைய இரவு மேகமே இல்லை, காற்று அசையவில்லை, ஈரப்பதமும் குறைவு. அப்படிப்பட்ட இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும், தடுக்க எதுவும் இருக்காது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செய்தித்தாளிலும் வந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவியின் அண்ணன் அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தார். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். "மாப்பிள்ளை, இது நீங்க எழுதின நம்பர்தானே? இனிமே உலகம் சூடாகுதுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க" என்றார். பிறகு ஒரு பிடி போட்டார்: "நம்பர் சரின்னா உங்க பேச்சு தப்பு. பேச்சு சரின்னா உங்க நம்பர் தப்பு. எது, சொல்லுங்க."

அது என்னை உறுத்தியது. அவர் விவரம் தெரியாதவர் இல்லை, கணக்குப் புத்தகங்களோடு வேலை செய்தவர். என் வேலையில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு ரீடிங்கைக்கூட உத்தேசமாக எழுதியவன் இல்லை நான். "நம்பரும் சரி மச்சான், உலகம் சூடாவதும் சரி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கல" என்றேன். யாரும் நம்பவில்லை.

அதனால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி அவரை ஒரு விடுமுறை நாளில் ரெக்கார்டு அறைக்கே அழைத்துப் போனேன். ஒவ்வொரு தேதிக்கும் மிகக் குறைந்த வெப்பநிலை எந்த ஆண்டில் பதிவானது, மிக அதிகம் எந்த ஆண்டில் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எடுத்து எழுதினோம். இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. காலநிலை மாறாமல் இருந்தால், பதிவு தொடங்கிய நூறாவது ஆண்டில் ஒரு குறிப்பிட்ட தேதியில் புதிய உச்சம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு. புதிய தாழ்வு வரவும் அதே நூற்றில் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் புத்தகங்களில் அப்படி இல்லை. குளிர்ச் சாதனைகள் பெரும்பாலும் பழுப்பேறிய பழைய ரெஜிஸ்டர்களில் கிடந்தன. வெப்பச் சாதனைகள் புதியவற்றில் குவிந்திருந்தன. நான் எழுதிய அந்தக் குளிர் எண் புதிய ரெஜிஸ்டர்களில் கிட்டத்தட்டத் தனியாக நின்றது.

எங்களைவிடப் பெரிய அளவில் இதை அமெரிக்காவில் செய்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஆய்வு ஒன்று அந்நாட்டு நிலையங்களின் தினசரிச் சாதனைகளை எண்ணிப் பார்த்தது. 1950களில் வெப்பச் சாதனைகளும் குளிர்ச் சாதனைகளும் ஏறக்குறைய சமம். 2000களில் ஒரு குளிர்ச் சாதனைக்கு இரண்டு வெப்பச் சாதனைகள். உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. குளிர்ச் சாதனைகள் நின்றுபோகவில்லை, வந்துகொண்டுதான் இருக்கின்றன. விகிதம்தான் மாறியிருக்கிறது. பூமியின் சராசரி 1850–1900 காலத்தைவிட 2011–2020இல் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. ஒரே இடத்தில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவே பத்து டிகிரி மாறுவது சர்வசாதாரணம். அந்த ஏற்ற இறக்கத்தின் மேல் ஒரு டிகிரியைக் கூட்டினால் குளிர்நாள் எப்படி இல்லாமல் போகும்? குறையும், அவ்வளவுதான்.

மச்சான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது ஒரு இடத்துக் கணக்குதானே மாப்பிள்ளை" என்றார். நியாயமான கேள்வி. நான் காத்திருந்ததும் இதற்குத்தான். என் நிலையம் உலகம் இல்லை. என் நிலையத்துக் குளிர் வெப்பமயமாதலைப் பொய்யாக்காது என்றால், என் நிலையத்து வெப்பமும் அதை நிரூபித்துவிடாது. இதை நம் பக்கத்து ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வெயில் கொஞ்சம் அதிகமாக அடித்த ஒரு நாளைக் காட்டி "பார்த்தீர்களா வெப்பமயமாதலை" என்று பதிவு போடுகிறவர்கள், குளிர்காலத்தில் எதிர்ப்பக்கம் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். காலநிலை என்று பேச உலக வானிலை அமைப்பு குறைந்தது 30 ஆண்டுச் சராசரியை எடுப்பது இதனால்தான்.

அப்புறம் உலகத்துக்கு வந்தோம். 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், வெளியே கிடந்த பனியை உருண்டையாக உருட்டி செனட் அவைக்குள்ளேயே கொண்டுவந்து காட்டினார். அதற்கு முந்தைய 2014தான் அதுவரை பதிவானதிலேயே மிக வெப்பமான ஆண்டு என்ற பேச்சுக்கு அவர் கொடுத்த பதில் அது. அப்போது அந்நாட்டின் கிழக்குப் பகுதி உண்மையிலேயே உறைந்து கிடந்தது. மேற்குப் பகுதியோ வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. ஆண்டு முடிந்தபோது 2015, 2014ஐயும் மிஞ்சியிருந்தது. அமெரிக்கா முழுவதையும் சேர்த்தாலும் பூமியின் மேற்பரப்பில் 2 சதவீதம்கூட வராது. அதில் பாதியில் இருந்த குளிரை வைத்து மீதி 99 பங்குக்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

2019 ஜனவரியையும் பாருங்கள். மாதக் கடைசியில் சிகாகோவில் மைனஸ் 30 டிகிரி. வெப்பமயமாதல் எங்கே போனது என்று அப்போதைய அமெரிக்க அதிபர் ட்விட்டரில் கேட்டார். அதே மாதம் 24ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 46.6 டிகிரி, அந்த நகரம் அதுவரை கண்டிராத வெப்பம். ஆஸ்திரேலியா முழுவதற்குமே அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான ஜனவரி அது. அடிலெய்டில் இருந்தவர் சிகாகோவை மறந்ததும் சிகாகோவில் இருந்தவர் அடிலெய்டை மறந்ததும் இயல்புதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் சராசரி என்று ஒன்று இருக்கிறது.

"நகரங்கள் பெருத்துவிட்டன, அதனால்தான் தெர்மாமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது, எண்களைத் திருத்துகிறார்கள்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நகரச் சூடு உண்மைதான், அதை யாரும் மறைக்கவில்லை. இதே சந்தேகத்தோடுதான் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் 'பெர்க்லி எர்த்' என்ற குழுவை அமைத்து எல்லா நிலையங்களின் தரவுகளையும் முதலிலிருந்து பரிசோதித்தார். மற்றவர்களுக்குக் கிடைத்த அதே வெப்ப உயர்வுதான் அவருக்கும் கிடைத்தது. 2012இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகவே எழுதினார். கடலில் நகரம் ஏதும் இல்லை, கடலும் சூடாகிறது. பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது. ஆர்கோ என்ற சுமார் 4000 தானியங்கி அளவு மிதவைகள் 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி அதை அளந்துகொண்டிருக்கின்றன.

திருத்தத்தைப் பற்றி ஒன்று, இது எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்தில் கப்பல்களில் கான்வாஸ் வாளியில் கடல்நீரை மேலே இழுத்து அதற்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். வாளியின் ஈரத் துணியிலிருந்து நீர் ஆவியாவதால், படிப்பதற்குள் தண்ணீர் சற்றுக் குளிர்ந்துவிடும். அதாவது பழைய கடல் அளவுகள் உண்மையைவிடக் குறைவு. அதைச் சரிசெய்யப் பழைய எண்களை மேலே உயர்த்துகிறார்கள். பழையது உயர்ந்தால் புதியதற்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையும். எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால், உலக அளவில் மொத்த வெப்ப உயர்வு குறைந்துதான் தெரிகிறது. கூட்டிக் காட்டத்தான் திருத்துகிறார்கள் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது இன்னொன்றும் வந்து வயிற்றைக் கலக்குகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நானும் மச்சானும் புரட்டிய அந்த ரெஜிஸ்டர்கள் இன்று இல்லை. எல்லாம் கணினிக்கு மாறிய பிறகு அறையைக் காலி செய்யச் சொல்லிப் பழைய தாள்களோடு சேர்த்து ஏலத்தில் போட்டுவிட்டார்கள். எண்கள் கணினியில் ஏறிவிட்டனவே என்றார்கள். எண் மட்டும் ஏறியது, குறிப்புப் பத்தி ஏறவில்லை. பெட்டிக்குப் புது வண்ணம் அடித்த தேதி, பக்கத்து மரத்தை வெட்டிய தேதி, தெர்மாமீட்டர் உடைந்து வேறு வைத்த தேதி எல்லாம் அந்தப் பத்தியில்தான் இருந்தன. நாளைக்கு ஒரு நிலையத்தில் எண் திடீரென்று குதித்தால், காலநிலை குதித்ததா மரம் போனதா என்று கண்டுபிடிக்க அந்தப் பத்திதான் நேரடியான வழி. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர்கள் கொட்டும் மழையில் நனைந்துகொண்டு எழுதியது அது. போட்டுவிட வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்தேன், பதிலே வரவில்லை. இன்றுவரை எனக்கு மனம் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இந்தக் கடுங்குளிரே வெப்பமயமாதலால்தான் வருகிறது" என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது, அதனால் துருவக் காற்றோட்டம் தளர்ந்து குளிர் தெற்கே சரிகிறது என்பது அந்த வாதம். ஆர்க்டிக் சூடாவது உறுதி. அதற்கும் குளிர் அலைகளுக்கும் உள்ள தொடர்பில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நான் அதை வாதத்துக்கு எடுப்பதில்லை, நீங்களும் எடுக்க வேண்டாம். சூடாகும் உலகத்திலும் குளிர்காலம் உண்டு என்பதே போதுமான பதில். பனிப்பொழிவு அதிகமாக இருந்தது என்பதும் எதிர்ச் சான்று ஆகாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் வரை அந்தக் கூடுதல் ஈரம் பனியாகத்தான் விழும்.

மச்சான் முழுக்க மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இதற்கு என்ன செய்வது, யார் செலவு செய்வது என்பதில் இன்றும் என்னோடு சண்டை போடுகிறார். அது போடவேண்டிய சண்டைதான், அவர் சொல்வதில் சிலது சரியாகவும் இருக்கிறது. ஆனால் குளிர் செய்தியை மடித்து எடுத்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்.

வெப்பமயமாதலை ஒப்புக்கொண்டவர்கள் குளிரை அலட்சியம் செய்வதையும் பார்க்கிறேன். அது எனக்குப் பயமாக இருக்கிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் குளிர் வந்தபோது மின்சாரம் நின்று, லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்து, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே மின்நிலையங்களையும் எரிவாயுக் குழாய்களையும் குளிருக்குத் தயார்படுத்தாமல் விட்டிருந்தார்கள். நீங்கள் கேட்டிருக்கும் இந்தக் குளிருக்கு உங்கள் பகுதியில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் அவர்களை முதலில் கவனியுங்கள். மற்றதைக் குளிர் விட்ட பிறகு பேசலாம், கருத்துப் பகுதியில் கேட்டால் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.