அயர்லாந்துக்கு ஒரு வாரம் வருகிறோம். நகரங்கள் வேண்டாம், கடற்கரை, கிராமப்புறம் என்று எங்கே போகலாம்?

லிமெரிக்கில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும், கூடவே ஒரு பட்டியலும் வரும்: மோஹர் கிளிஃப்ஸ், ரிங் ஆஃப் கெர்ரி, ஸ்கெல்லிக் தீவு, வடக்கே கற்தூண்கள் நிற்கிற ஜயன்ட்ஸ் காஸ்வே. எல்லாம் ஏழு நாளில். முதல் வேலையாக அதில் பாதியை அடித்துவிடச் சொல்வேன்.

வரைபடத்தில் சின்ன நாடுதான். ஆனால் மேற்குக் கரை எலி கடித்த துணி மாதிரி உள்ளே வெளியே போய் வரும். அதை ஒட்டியே ஓடுகிற வைல்ட் அட்லாண்டிக் வே என்ற சாலை, வடக்கே டொனகலில் ஆரம்பித்து தெற்கே கின்சேல் வரை சுமார் 2,500 கிலோமீட்டர். பல இடங்களில் ஒரு கார் போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவில் புல் முளைத்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். வழிவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். வணக்கம், நன்றி எல்லாம் அதுதான். உள்ளூர்ச் சாலைகளின் வேக வரம்பையே 2025 பிப்ரவரியில் 80 கிலோமீட்டரிலிருந்து 60ஆகக் குறைத்துவிட்டார்கள். கூகுள் மேப் ஒரு மணி நேரம் என்றால் நான் ஒன்றரை என்று வைத்துக்கொள்வேன். அதனால் ஒரு கவுண்டியை (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பிடித்துக்கொண்டு மூன்று நாலு நாள் அங்கேயே தங்குங்கள். என்னைக் கேட்டால் கிளேர்.

கிளேர் என்றதும் எல்லாரும் மோஹர் என்பார்கள். தப்பில்லை. அட்லாண்டிக்கிலிருந்து நட்டுக்குத்தலாக எழும்பி நிற்கிற பாறைச்சுவர், உச்சியில் 214 மீட்டர், நீளம் சுமார் 14 கிலோமீட்டர். ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் வந்தால் பஃபின் பறவைகள் இருக்கும். பைனாகுலர் இல்லையென்றால் வெறும் புள்ளிகள். ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் போச்சு. நான் முதல் தடவை போனபோது பார்க்கிங்குக்குக் காசு கட்டி, ஓப்ரையன் கோபுரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்று, வெள்ளையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்பினேன். கீழே கடல் இரைவது மட்டும் நன்றாகக் கேட்டது. ஆகவே மோஹருக்கென்று தேதி குறிக்காதீர்கள். பக்கத்து ஊர்களான டூலினிலோ பாலிவானிலோ தங்கி, காலையில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டூர் பஸ்கள் கிளம்பிய பிறகு சாயங்காலம் போவது இன்னும் நல்லது. ஜூனில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகும்.

நான் ஆட்களை ஆசையாக அழைத்துப்போவது அதற்கு வடக்கே இருக்கிற பர்ரனுக்கு. ஐரிஷில் அந்தப் பெயருக்குப் பாறை நிலம் என்று பொருள். குன்றுகள் எல்லாம் மொட்டையாக, சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். அயர்லாந்து என்றால் பச்சை என்று நினைத்து வந்தவர்களுக்கு முகம் தொங்கிவிடும். "என்னடா, குவாரிக்குக் கூட்டிட்டு வந்திருக்க?" என்றான் ஒரு நண்பன். குனிந்து பார்க்கச் சொன்னேன்.

தரை முழுக்கப் பாளம் பாளமாகக் கல் பரப்பிய மாதிரி இருக்கும். பாளத்துக்குப் பாளம் நடுவே நீளமான வெடிப்பு. மழைத்தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கியது. அகலம் ஒரு சாண்கூட இல்லை, கையை விட்டால் தோள்வரை போகும். மேலே காது அடைக்கிற காற்று, உள்ளே ஒரு சலனமில்லை, ஈரம், பளபளவென்று பெரணிச் செடி. மே மாதம் மேலே புல்லில் ஜென்ஷியன் பூத்திருக்கும்: கட்டைவிரல் நகத்தளவு பூ, அப்படி ஒரு நீலத்தை நான் துணியில்கூடப் பார்த்ததில்லை. அது ஆல்ப்ஸ் மலைகளில் பூக்கிற பூ. அதே பர்ரனில் மத்தியதரைக் கடல் பக்கத்து ஆர்க்கிட் ஒன்றும் பூக்கும். சில பாளங்கள் ஆடும். கால் வைத்தால் 'டொங்' என்று சத்தம் வரும். கல்லைத் தடவினால் அங்கங்கே பவளத்தின் தடம் விரலில் தட்டுப்படும். முப்பது கோடி வருடங்களுக்கும் முன்னால் இது வெப்பக் கடலின் அடித்தளம்.

இங்கே இன்னொரு வேடிக்கை, மாடுகள் குளிர்காலத்தில் மலை ஏறும். மற்ற இடங்களில் கோடையில் மேலே ஓட்டி, குளிருக்குக் கீழே கொண்டுவருவார்கள். பர்ரனில் அது தலைகீழ். அப்பா வந்திருந்தபோது அக்டோபர் கடைசி. ஊரில் நாலு மாடு வைத்திருப்பவர், கல்சுவர் ஓரமாக நின்றுகொண்டு, "ஏம்ப்பா, இந்தப் பாறையில மாடு எதைத் திங்கும்?" என்று நகரவே மாட்டேன் என்கிறார். கேட் பக்கம் வந்த விவசாயியிடம் நான்தான் மொழிபெயர்த்தேன். கோடையெல்லாம் வாங்கிய சூட்டைக் கல் மெதுவாக விடுமாம். மழைத்தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கிவிடுவதால் மாடு படுக்கச் சேறில்லாத இடம் கிடைக்கும். கோடையில் மேலே குடிக்கத் தண்ணீர் இருக்காது, அதனால் அப்போது கீழே. குளிர்காலத்தில் புல்லை மாடுகள் தின்றுவிடுவதால்தான் வசந்தத்தில் அந்தச் சின்னப் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். கிளம்பும்போது விவசாயி "குட் லக்" என்று சொல்ல, "எதுக்குப்பா நமக்கு குட் லக்?" என்றார் அப்பா. இங்கே கிராமத்தில் போய்வாருங்கள் என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

பர்ரனிலேயே போல்னபிரோன் இருக்கிறது: நிறுத்திவைத்த கற்கள்மேல் ஒரு பலகைக்கல், 5,000 வருடத்துக்கும் பழைய கல்லறை. 1986இல் தோண்டியபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஃபனோர் பக்கம் கடலோரச் சாலையில் அந்தச் சுண்ணாம்புக்கல் அப்படியே கடலுக்குள் இறங்கும். சூரியன் மறையும் நேரத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் டூலினிலிருந்து ஆரன் தீவுகளுக்குப் படகு உண்டு. இனிஷ் மோர் தீவில் டூன் ஏங்கஸ் என்ற கற்கோட்டை செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது, தடுப்புக் கம்பி கிடையாது, குப்புறப் படுத்துத்தான் கீழே எட்டிப்பார்க்க வேண்டும். வெறும் பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் சுமந்துவந்து கொட்டி அந்த ஊர்க்காரர்கள் மண்ணையே உண்டாக்கியிருக்கிறார்கள்.

ஸ்கெல்லிக் மைக்கேல் அற்புதம்தான். கடலுக்குள் 12 கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறை, 618 படி, மேலே துறவிகள் கட்டிய தேன்கூடு வடிவக் கல்வீடுகள். ஆனால் நாளொன்றுக்கு 180 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் மே நடுவிலிருந்து கோடைக்கு மட்டும். டிக்கெட் கையில் இருந்தாலும் அலை பெரிதாக இருந்தால் படகு கிளம்பாது. ஒரு வாரப் பயணத்தை அதை நம்பிப் போடாதீர்கள். ரிங் ஆஃப் கெர்ரி சுற்றுச்சாலையின் பஸ் கூட்டத்துக்குப் பதிலாக, அதே கெர்ரி கவுண்டியின் டிங்கிளில் ஸ்லே ஹெட் சுற்றுச்சாலை போதும். கூட்டமில்லாத பாறை வேண்டுமென்றால் டொனகலில் ஸ்லீவ் லீக். 601 மீட்டர், மோஹரைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஆனால் லிமெரிக்கிலிருந்து அது தனிப் பயணம். டப்ளினைவிட்டு நகரவே முடியாது என்றால் பக்கத்து விக்லோவில் கிளெண்டலாக்: இரண்டு ஏரி, பழைய மடாலயம், 30 மீட்டர் உருளைக் கோபுரம்.

ஜயன்ட்ஸ் காஸ்வே வட அயர்லாந்தில், அதாவது யு.கே.யில் இருக்கிறது. எல்லையில் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்பதால் பலர் யோசிக்காமல் போய்விடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் யு.கே. விசா தனியாக வேண்டும்.

குடை எடுத்துவராதீர்கள், மழை பக்கவாட்டில் வரும். தொப்பி வைத்த ரெயின்கோட்டும் தண்ணீர் புகாத ஷூவும் போதும். வயல்வழியாக நடக்கும்போது அது யாரோ ஒருவருடைய நிலம். இஷ்டத்துக்கு நடக்க இங்கே சட்ட உரிமை கிடையாது, நிலக்காரர் மனது வைத்துத்தான் விடுகிறார். கேட் மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். கார் ஓட்டப் பயமாக இருந்தால் கால்வேயிலிருந்து 350ஆம் எண் பஸ் பாலிவான், டூலின், மோஹர் எல்லாம் தொட்டு எனிஸ் வரை போகும். பாலிவான் சின்ன ஊர், ஜூன் ஜூலை என்றால் ரூமை இப்போதே போட்டுவிடுங்கள்.