கிரியேட்டிவ் ரைட்டிங் வகுப்பில் என் கதையைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். இதில் எப்படி எழுத்தாளராக வளர்வது?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அமெரிக்கக் கல்லூரி, மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், உங்கள் கதையைப் பேசும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது. சரிதானே? அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்தாளர் வொர்க்‌ஷாப் வழியாகப் பரவிய முறை இது. (நம் எழுத்தாளர் அசோகமித்திரன் அயோவா போனது இதற்கல்ல. அதே பல்கலைக்கழகத்தில் 1967-இல் வந்த சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு. குழப்பிக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 வார செமஸ்டரில் முதல் மூன்று வாரம் அச்சில் வந்த கதைகளைப் படிப்பதில் போய்விடும். மிச்சம் 12 வாரம், வாரத்துக்கு இரண்டு கதை, மொத்தம் 24. அதில் உங்களுடையது இரண்டே இரண்டு. பாக்கி 22 கதையை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, தன் முறை வரும் நாளுக்காகக் காத்திருப்பவர்தான் கடைசிவரை வளராமல் நிற்கிறார்.

அந்த 22-ஐயும் அச்செடுத்து, முதல் தடவை பேனா இல்லாமல் படியுங்கள். கவனம் எங்கே நழுவியது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாம் தடவை அந்த இடங்களைக் குறியுங்கள். பிறகு எழுதியவருக்கு ஒரு பக்கக் கடிதம்: கதை எதைப் பற்றியது என்று உங்களுக்குப் பட்டது, எந்தப் பக்கத்தில் பிடித்து இழுத்தது, எங்கே விட்டது, ஏன். ‘நன்றாக இருந்தது’ என்பதற்கு அதில் இடமில்லை. ‘ஏன்’ என்பதை எழுதத்தான் மண்டை காயும். அந்தப் பயிற்சிதான் பிறகு உங்கள் கதையிலும் கை கொடுக்கும்.

உங்கள் கதை வரும் நாளில் நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், யார் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது. வலப்பக்கம், அவர்கள் சொல்லும் வைத்தியம். இடப்பக்கத்தை நம்பலாம், வலப்பக்கத்தைப் பெரும்பாலும் நம்பக் கூடாது. உதாரணத்துக்கு, அப்பா கடையை விற்கிற கதை. ஆறாம் பக்கத்தில் மகள் கத்துவது திடீரென்று இருக்கிறது என்று நாலு பேர் சொல்கிறார்கள். ஒருவர் ‘ஃபிளாஷ்பேக் வை’ என்பார், இன்னொருவர் ‘கத்தலைக் குறை’ என்பார். கோளாறு ஆறாம் பக்கத்திலேயே இருக்காது. இரண்டாம் பக்கத்தில், விற்கப்போகும் செய்தி அவள் காதில் விழும் இடத்தை ‘அவள் வருத்தப்பட்டாள்’ என்று ஒரே வரியில் கடந்திருப்பீர்கள். அங்கே அரைப்பக்கம் காட்சியாக எழுதினால் ஆறாம் பக்கத்தைத் தொடவே வேண்டியதில்லை.

திருத்தத்தை அன்று ராத்திரியே ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு பழைய ஃபைலில் ஒட்டுப் போடாமல், அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டச்சு செய்யுங்கள். தேவையில்லாத வாக்கியத்தை மறுபடி அடிக்க விரலே சோம்பல்படும்.

வாயை மூடிக்கொண்டு உட்காருவது உண்மையிலேயே கொடுமையாக இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கள். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த விமர்சன முறையில், மனதில் நின்றதை மற்றவர்கள் முதலில் சொல்வார்கள். அடுத்து கேள்வி கேட்பது படைத்தவர். பிறகு மற்றவர்கள் சார்பில்லாத கேள்வி கேட்பார்கள். அபிப்பிராயம் கடைசியில், அதுவும் அனுமதி வாங்கி. இந்த முறை தெரிந்த ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு.

‘எழுத்து பிறவி வரம், வகுப்பில் வராது’ என்பவர்களுக்கு: வரத்தைப் பற்றி இங்கே பேசவில்லை, திருத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். செமஸ்டர் முடிவில் ‘பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள்’ என்பார்கள். அமெரிக்காவில் பல இலக்கிய இதழ்கள் கதையைப் படிக்கவே 3 டாலர் வாங்குகின்றன. பத்து இடத்துக்கு அனுப்பினால் 30 டாலர், வருவது பத்து மறுப்புக் கடிதம். சம்பாத்தியமே இல்லாத மாணவனிடம் இதென்ன வசூல்? கட்டணமில்லாத இதழ்களும் இருக்கின்றன, சில இதழ்கள் குறிப்பிட்ட மாதங்களில் இலவசமாக வாங்கும். விதிமுறைப் பக்கத்தைப் படித்துவிட்டு அங்கே முதலில் அனுப்புங்கள்.