மறு: அம்மாவுக்கு மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றிய உறையில் வரும் கட்டி), அடுத்த வாரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்

தண்டையார்பேட்டை நண்பருக்கு, மண்டை ஓட்டைத் திறந்தால் அந்த எலும்பை என்ன செய்வார்கள், அம்மா பழையபடி பேசுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். எலும்பைத் துண்டாக எடுத்து, வேலை முடிந்ததும் பெரும்பாலும் அதே இடத்தில் சின்ன டைட்டானியம் தகடு வைத்துத் திருகிவிடுவார்கள். பேச்சு, கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஸ்கேனைக் காட்டி சர்ஜனிடமே நேராகக் கேளுங்கள்.

எனக்குக் கவலை, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான்: அம்மா இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள். இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக்கசிவு கூடும் என்று நிறுத்தச் சொல்லலாம். ஆனால் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க உள்ளே வைக்கும் சின்னக் குழாய்) வைத்தவர்கள் தாமாக நிறுத்துவது ஆபத்து. நாட்டு மருந்துப் பொடி, லேகியம் எதையும் மறைக்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஐசியூவில் அடிக்கடி எழுப்பி, பேர் கேட்டு, கையைத் தூக்கச் சொல்வார்கள். "தூங்கவே விடமாட்டேங்கிறாங்களே" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள் (எங்கள் ராயபுரத்துச் சொந்தங்கள் போனார்கள்!). மூளைக்குள் ரத்தம் கசிந்தால் முதலில் தெரிவது அதில்தான். கண் வீங்கலாம், மெல்லும்போது தாடை வலிக்கலாம், சோர்வு வாரக்கணக்கில் இருக்கும். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அதையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் காயத்திலோ மூக்கிலோ தண்ணீர் போலக் கசிந்தாலும், காய்ச்சல், வலிப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் வந்தாலும், ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷனுக்கு எடுத்துப் போங்கள்.