பதில்: என்ட்ரோபிக்கு ஏன் இரண்டு வரையறை?

வெப்பத்தை வெப்பநிலையால் வகுப்பதும் நிலைகளை (ஆற்றல் உள்ளே பரவியிருக்கக்கூடிய வழிகளை) எண்ணி லாகரிதம் எடுப்பதும் எப்படி ஒரே என்ட்ரோபி ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். நானும் இதில் ஒரு செமஸ்டர் தடுமாறினேன். சரி, ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு குட்டித் திண்மங்கள், ஒவ்வொன்றிலும் 3 அலையியற்றிகள் (ஆற்றலைத் துண்டு துண்டாக ஏற்று அதிர்பவை), இரண்டுக்கும் பொதுவாக 4 ஆற்றல் துண்டுகள். நான்கு துண்டும் இடப்பக்கத் திண்மத்துக்குப் போக 15 வழி, இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று என்றால் 30, சரிபாதிக்கு 36, இதுதான் உச்சம்.

திண்மங்கள் பெரிதாக இருந்தால், அந்த உச்சத்தில் ஒரு துண்டு இடம் மாறும்போது ஒரு பக்க வழிகளின் லாகரிதம் இழப்பதை மறுபக்கம் பெற்றுவிடும். ஆற்றலோடு லாகரிதம் ஏறும் வேகத்தைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் (வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் நிலையான எண்) பெருக்கித் தலைகீழாக்கினால் வெப்பநிலை. கன அளவை மாற்றாமல் கொஞ்சம் வெப்பம் கொடுங்கள்; லாகரிதத்தை அதே மாறிலியால் பெருக்கினால் வரும் என்ட்ரோபி கூடும் அளவு, வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்கும் கிளாசியஸின் வரையறையாகவே தானாக வந்துவிடும். அப்புறம் 3-ஐ 50 ஆகவும் 4-ஐ 100 ஆகவும் மாற்றி எக்செலில் வரைந்து பாருங்கள்.